சாவியைத் திருப்பினால் போதும்

அப்படியானால் இந்தக் குழாய் எங்கே போகிறது... ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் கிளம்பி, தகரத்துக்குப் பின்னால் நுழைந்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தலையைக் கொடுத்து, அந்தப் பக்கம் இரண்டாகப் பிரிந்து வெளியே வருகிறது, அதில் ஒன்று கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது, இதை வரைந்த புண்ணியவான் யாரோ, அவர் வீட்டில் தண்ணீர்க் குழாயும் இப்படித்தான் போகுமோ, குளிக்கப் போனால் அடுப்பங்கரையில் தண்ணீர் கொட்டுமோ. எத்தனை ரப்பர் குழாய்கள் அப்பா, பாதிக்கு மேல் வெடித்துப் போய், வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. இருக்கட்டும், எது இருக்க வேண்டும் எது போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். பிரேக்குக்குப் போகிறது இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற ஒல்லிக் குழாய் இருக்க வேண்டும். இன்ஜினின் புகையை உள்ளே இழுக்கிற தடிக் குழாயும் இருக்கட்டும். இருப்பதற்கெல்லாம் சிவப்பு நூல், போவதற்கெல்லாம் கறுப்பு நூல், முடிச்சுப் போட்டு வைத்துவிட்டேன். மற்றவர்கள் டேப் ஒட்டி எழுதி வைப்பார்களாம், எனக்கு நூல்தான் கைக்கு வருகிறது. இத்தனை வருஷம் தையல் ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவளுக்கு வேறு என்ன வரும்.

"என்ன கட்டற அங்க, பூவா?" என்கிறார் பின்னாலிருந்து. காலி ரொட்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ஷெட்டின் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, வெளிச்சம் வேண்டுமே, மதிய வெயில் அவர் முழங்கால் வரைக்கும் வந்து நிற்கிறது. "கார்புரேட்டர் மாத்தறேங்க," என்கிறேன். "ஓ," என்கிறார். காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லியாயிற்று, ஒவ்வொரு தடவையும் அதே "ஓ", முதல்முறை கேட்பவருடைய மரியாதையோடு. முன்பெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது, இரண்டாவது தடவை கேட்டாலே சுள்ளென்று விழுவேன், இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்பது பொய், பாதி பழகியிருக்கிறது.

இந்தப் பிக்கப் வண்டியை அவர் வாங்கும்போதே அது பழசு. பேக்கரி ரொட்டியைக் கடை கடையாகப் போடுகிற வேலை, விடியுமுன் லோடு ஏற்ற வேண்டும், குளிரோ மழையோ வண்டி கிளம்பியாக வேண்டும், இதுவோ லேசில் கிளம்பாது. அவருக்கு அதற்கு ஒரு முறை இருந்தது. ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் இரண்டு மிதி, முழுக்க விட்டுவிட வேண்டும், பிறகு பாதி மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், பிடித்ததும் காலை எடுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி எடுக்க வேண்டும். சூடாக இருந்தால் இது எதுவும் கிடையாது, மிதிக்கவே கூடாது. மழை என்றால் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரின் வாயில் இருக்கிற தகட்டை ஸ்க்ரூடிரைவரால் முட்டுக்கொடுத்து... இதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று கூடச் சொல்ல முடியாது, காலுக்கும் காதுக்கும் தெரியும். எனக்கு ஓட்ட வரும், ஓடுகிற வண்டியை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்துவேன், கிளப்ப மட்டும் ஒரு நாளும் பிடிபடவில்லை. "மெஷின்காரிக்கு என்ன தெரியும், இது ஆள் பார்த்து வர்ற வண்டி," என்பார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. பெண்டாட்டி பிள்ளை மேல்கூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை, பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு நாள் கிளம்பவில்லை. மறுநாள் கிளம்பியது, அதற்கு அடுத்த நாள் இல்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு மிதிக்குப் பதிலாக மிதித்துக்கொண்டே இருக்கிறார், மிதி மிதியென்று மிதித்து, பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வருகிறது, செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி முனக ஆரம்பித்துவிட்டது. உள்ளே வந்தவர், "வண்டிக்கு வயசாயிடிச்சு," என்றார். நானும், ஆமாங்க வயசாயிடிச்சு என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பழமொழியை நினைத்து எனக்கு எரிச்சல்தான் வந்தது அன்றைக்கு. அவருக்கு ஆடத் தெரிந்திருந்தது. அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு தேநீரில் உப்பு, குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தேன் என்று கேட்பது, என் தம்பியைப் பார்த்து, "இவர் யாரு, பேக்கரியில இருந்து வந்திருக்காரா?" என்று என் காதில் கேட்டது... அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், இன்றைக்கு என்ன கிழமை என்றால் இவர், "லோடு இருக்கிற கிழமை," என்று ஒரு போடு போட்டார், டாக்டரே சிரித்துவிட்டார். இவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார், இது திரும்பி வராதும்மா, இனிமே அவர் வண்டி ஓட்டக் கூடாது, சாவியை எடுத்து மறைச்சு வச்சிடுங்க. நான் என்ன சொன்னேன், "அதுக்கு அவசியமே இல்ல டாக்டர், அந்த வண்டி இப்ப அவருக்கே ஸ்டார்ட் ஆகறதில்ல" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

எரிபொருள் குழாயை உருவி, வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்தாயிற்று. ஆக்சிலரேட்டர் கேபிள் கழன்று வந்துவிட்டது. நாலு மூலையிலும் நாலு நட், முன்னால் இருக்கிற இரண்டும் சொன்ன பேச்சு கேட்டன, பின்னால் இருப்பதில் ஒன்றுதான் தகராறு, ஸ்பேனர் நுழையவும் வழியில்லை, திருப்பவும் வழியில்லை, தம்பி ஒரு ஸ்பேனரை வளைத்துக் கொடுத்திருக்கிறான், ஒரு தடவைக்குக் கால் சுற்று. கால் சுற்று, எடு, மாற்று, கால் சுற்று... தையல் மெஷினில் இப்படி ஒன்றை வைத்தால் சூப்பர்வைசர் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன்.

தம்பி சொன்னதும் சரிதான். உதிரி பாகக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவன், இந்தப் பழைய கார்புரேட்டரை ரிப்பேர் பண்ணுவதும் ஒன்று, ஓட்டை வாளியில் தண்ணி இறைப்பதும் ஒன்று, தூக்கிக் கடாசிவிட்டு சாதா கார்புரேட்டர் ஒன்று போட்டுவிடு, ஒரு பெட்ரோல் குழாய், ஒரு கேபிள், ஒரு ஒயர், முடிந்தது வேலை என்றான். அடியில் வைக்கிற தகடும் பேக்கிங்கும் அவனே எடுத்து வைத்தான். அப்புறம்தான் கேட்டான், "கை சோக்கா, கரண்ட் சோக்கா அக்கா?" என்ன வித்தியாசம் என்றேன். கை சோக் என்றால், குளிரில் கிளப்புவதற்கென்று வண்டிக்குள் ஒரு குமிழ் இருக்கும், அதை எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது உள்ளே தள்ள வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவன் எடுக்க முடியாது. கரண்ட் சோக் என்றால் எல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், ஒரு மிதி மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் போதும், "சின்னப் புள்ளகூட எடுத்துடும்." எனக்குக் குமிழ் என்றதுமே அலுப்பாக இருந்தது, இனி எதையும் இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், எந்த முறையும் வேண்டாம். கரண்ட் சோக்கே கொடுடா என்றேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "யாரு ஓட்டப் போறது, நீதானே?" "பின்னே வேற யாரு?" "இல்ல, சும்மா கேட்டேன்," என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். சும்மாதான் கேட்டிருப்பான்.

பேக்கரிக்காரர் நல்ல மனுஷர், இத்தனை நாள் வாடகை வண்டி வைத்து ஒப்பேற்றினார். நேற்று கூப்பிட்டு, "நாளன்னிக்கு உங்க வண்டி வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா, தப்பா நெனைக்காதீங்க," என்றார். இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, ரொட்டி காத்திருக்குமா. அந்த நாளன்னிக்கு என்பது நாளை. விடியுமுன் ரொட்டி, அதற்குப் பிறகு ஃபேக்டரி, இரண்டையும் சமாளித்துவிடலாம், அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகலாம், வீட்டில் தனியாக விட வேண்டாம், கடைக்காரர்களெல்லாம் அவரைத் தெரிந்தவர்கள்தானே. இந்த ஒரு நட் மட்டும் வந்துவிட்டால்... வந்துவிட்டது.

தூக்குகிறேன். எத்தனை கனம். கார்புரேட்டர் போன இடத்தில் இன்ஜினின் வாய் திறந்து கிடக்கிறது, உடனே துணியைச் சுருட்டி உள்ளே திணிக்கிறேன், ஒரு வாஷர் விழுந்தாலும் போச்சு. துணி வைத்தபிறகுதான் நட்டுகளைப் போட்டு வைத்த தட்டைப் பார்க்கிறேன், மூன்று நட்தான் இருக்கிறது. மறுபடியும் பார்க்கிறேன், தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், தரையில், டயருக்குப் பின்னால், பேட்டரிக்கு அடியில், எங்கேயும் இல்லை. துணியை வைப்பதற்கு முன்னாலேயே விழுந்திருந்தால்? உள்ளே போயிருந்தால்? செல்ஃப் அடித்த நிமிஷம் பிஸ்டனோடு சேர்த்து எல்லாம் நொறுங்கும், நாளைக்கு லோடும் இல்லை ஒன்றும் இல்லை, டார்ச்சை அடித்து அடித்துப் பார்க்கிறேன், உள்ளே கறுப்பாகப் பளபளப்பதெல்லாம் நட் மாதிரியே தெரிகிறது. "என்ன தேடற?" என்கிறார். நட்டுங்க, நட்டு ஒண்ணு காணோம். "ஓ," என்கிறார், சட்டைப் பைக்குள் கை விட்டு எடுத்து நீட்டுகிறார். நட் மட்டும் இல்லை, ஒரு வாஷர், சிவப்பு நூல் துண்டு ஒன்று, ரேடியோவின் குமிழ். "பத்திரமா வச்சிருந்தேன். கீழ வச்சா தொலைஞ்சிடும்." கோபம் தலைக்கு ஏறுகிறது, ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது, யாரிடம் காட்டுவது. வாங்கிக்கொள்கிறேன். அவர் சொல்வதும் சரிதான், கழற்றியதைப் பையில் போட்டுக்கொள்வது அவருடைய பழைய வழக்கம், எத்தனை சட்டைப் பையைக் கிழித்திருக்கிறார், நான்தான் தைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பழைய கார்புரேட்டரை அவர் மடியில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார். வேட்டியெல்லாம் கறை. வைத்துக்கொள்ளட்டும், கை சும்மா இருந்தால்தான் அவருக்கு ஆகாது. விரலால் தகட்டைத் திறக்கிறார், மூடுகிறார், ஸ்ப்ரிங்கை நீவுகிறார், ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் தனக்குள் சொல்லிக்கொள்கிறார், ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்று என்ன கிழமை என்று தெரியாது, என் தம்பியைத் தெரியாது, இதன் உள்ளே இருக்கிற மிதவை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். இது என்ன கணக்கு. மூளையில் எதை முதலில் காலி பண்ணுவது என்று யார் முடிவு பண்ணுகிறார்கள், ஒருவேளை கடைசியில் இந்த மிதவை மட்டும் மிஞ்சுமோ, என் பெயர் அதற்கு முன்பே போய்விடுமோ... போனால் போகட்டும், இப்போதும் மெஷின்காரி என்றுதானே கூப்பிடுகிறார். "இதை யாரு கழட்டினது?" என்கிறார் திடீரென்று. நான்தாங்க. "ஏன், நல்லாத்தானே இருந்திச்சு." நல்லாத்தான் இருந்திச்சு, எனக்கு வரலீங்க. அவர் தலையாட்டுகிறார், "உனக்கு வராது," என்கிறார், குத்தலாக இல்லை, பரிவாக. நாளைக்கு நான் சாவியைத் திருப்பியதும் கிளம்பினால் இவர் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கிறேன். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று இனி அவர் சொல்ல முடியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்டிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, தகட்டை வைத்து, புது பேக்கிங் வைத்து, துணியை உருவி, புதுசை இறக்குகிறேன். சின்னதாக, வெள்ளையாக, பார்க்கவே நிம்மதியாக இருக்கிறது, இரண்டு ஓட்டை, ஒரு கை, அவ்வளவுதான். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒரு பக்கமே இறுக்கினால் தகடு வளைந்துவிடும், தையல் மெஷினில் ஊசித் தகடு மாட்டுகிற மாதிரிதான். கறுப்பு நூல் குழாய்களையெல்லாம் அறுத்து எறிகிறேன், அவை இருந்த துளைகளுக்கு ரப்பர் மூடி. பெட்ரோல் குழாய். கேபிள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்திலிருந்து ஒரே ஒரு ஒயர், சோக்குக்கு. பானெட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரை தெரிகிறது, இத்தனை இடம் இங்கே இருந்ததா.

பேட்டரியை மாட்டிவிட்டு உட்காருகிறேன். ஒரு மிதி. சாவி. பெட்ரோல் ஏற வேண்டுமே, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடித்துக்கொண்டது! பிடித்தது சரி, ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறது, இறங்கி வந்து எந்தத் திருகைத் திருப்பினாலும் அடங்கவில்லை. என்ன தப்பு பண்ணினேன், எல்லாம் சரியாகத்தானே போட்டேன், அடியில் வைத்த தகடா, பேக்கிங்கா. அவர் எழுந்து வருகிறார். மடியிலிருந்ததைக் கூடைமேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "காத்து இழுக்குது," என்கிறார். எங்கேங்க? கையை நீட்டி, பார்க்காமலேயே, இன்ஜினுக்குப் பின்னால் தகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிற ஒரு துளையில் விரலை வைத்து அழுத்துகிறார், நான் மூடி போட மறந்த துளை. இன்ஜின் அப்படியே அடங்கிச் சீராகிறது. விரலை எடுத்தால் தடுமாறுகிறது, வைத்தால் அடங்குகிறது. எடுக்கிறார், வைக்கிறார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மூடியைத் தேடி எடுத்துப் போடுகிறேன். பிறகு திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று, முன்னும் பின்னுமாக, ரொம்ப நேரம், சிக்னலில் நின்றாலும் அணையக் கூடாது, ரொட்டிக் கடை வாசலில் ஓட விட்டுவிட்டு இறங்கினாலும் அணையக் கூடாது, குளிரிலும் அணையக் கூடாது. அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். "நம்ம வண்டி சத்தம் இல்லையே இது," என்றார் அவர். நம்ம வண்டிதாங்க. "ஓ."

பின்கட்டில் குழாயடியில் சோப்பைப் போட்டுத் தேய்க்கிறேன், நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்றைக்குப் போகாது. மனசு லேசாக இருக்கிறது, பொய் சொல்வானேன், பெருமையாகவும் இருக்கிறது. ஃபேக்டரியில் இருக்கிற ஆண்களில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள். ராத்திரிக்கு ஏதாவது லேசாகச் சமைத்துவிட்டுச் சீக்கிரம் படுக்க வேண்டும், ரொட்டிக் கூடைகளைக் கழுவி வைக்க வேண்டும், தம்பியைக் கூப்பிட்டு ஓடிவிட்டது என்று சொல்ல வேண்டும், கேட்டால் அவனே நம்ப மாட்டான்... கார்புரேட்டர் சத்தம் கேட்கிறது. அதாவது வண்டி சத்தம். ஒரே திருப்பு, உடனே பிடித்துக்கொண்ட சத்தம். அட, நன்றாக எடுக்கிறதே என்றுதான் முதலில் நினைக்கிறேன், எவ்வளவு அழகாக எடுக்கிறது என்று. அதற்குப் பிறகுதான், நான் இங்கே இருக்கிறேனே என்று நினைக்கிறேன்.

ஓடுகிறேன். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முகம்... அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, ரொட்டியை ஏற்றிவிட்டுக் கிளம்புகிற காலை முகம், நாலு பேருக்கு வேலை சொல்கிற முகம். "பாத்தியா," என்கிறார், "அந்தப் பயலுக எல்லாம் என்னென்னமோ சொன்னானுங்க, என் கைக்குத்தான் வரும் இது. ஏறு, லோடு ஏத்தணும், லேட்டாயிடிச்சு." இன்னைக்கு லோடு இல்லீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. "எதுக்கு?" நான் ஓட்டறேன். "உனக்கு எடுக்கவே வராதே," என்று சிரிக்கிறார், அதே பரிவோடு. ஜன்னல் வழியாகச் சாவிக்குக் கையை நீட்டுகிறேன், சோப்பு நுரை அவர் சட்டையில் படுகிறது, என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே தள்ளுகிறார், "ஓடற வண்டியில சாவியைத் தொடக்கூடாது, மெஷின்காரி." கிளட்ச்சை மிதிக்கிற சத்தம். கியர் விழுகிற சத்தம். கதவு விரியத் திறந்திருக்கிறது, அதற்கு அப்பால் தெரு, தெருவில் சைக்கிள்காரர்கள், பந்து விளையாடுகிற பிள்ளைகள். வேறொன்றும் தோன்றாமல் முன்பக்கம் ஓடிப்போய் வண்டிக்கும் தெருவுக்கும் நடுவில் நின்று பானெட்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்கிறேன். "தள்ளு," என்கிறார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, கோபம் இல்லை, சந்தோஷத்தில் இருக்கிற மனுஷனுடைய அவசரம் மட்டும்தான். நின்றுவிடு, நின்றுவிடு என்று நான் முணுமுணுக்கிறேன், அவரிடமா, வண்டியிடமா, போன வாரம் வரைக்கும் இந்நேரத்துக்குள் ஒரு விக்கல் விக்கி அணைந்திருக்கும், அவரும் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று இறங்கி வந்திருப்பார், நானும் ஆமாங்க என்றிருப்பேன். ஈரக் கைக்கு அடியில் தகரம் ஒரே சீராக அதிர்கிறது, எங்கேயாவது ஒரு தடுமாற்றம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறேன், வரவில்லை, அது நிற்காது, நிற்கவே கூடாது என்றுதான் அத்தனை நேரம் பார்த்துப் பார்த்து வைத்தேன்.